பேரனுடைய ஸ்டீயரிங்

போன தீபாவளியிலிருந்து என் மகளுக்கு ஒரே கவலை. பேரனுக்கு அப்போது 17 வயது முடிந்து நான்கைந்து மாதம். கல்லூரியில் முதல் ஆண்டு. மாடியறை மேசையில் ஒரு ஸ்டீயரிங்கைத் திருகி மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ரேஸ் ஓட்டுகிறான். கீழே படுத்திருப்பவர்களுக்கு டயர் கிறீச்சிடுவதும், நடுநடுவே எங்கோ மோதுகிற சத்தமும் கேட்கும். இன்னும் சில மாதத்தில் 18 ஆகிவிடும், லைசென்ஸ் வேண்டும் என்பான், வீட்டில் கார் நிற்கிறது. இவன் திரையில் ஓட்டுவது போலவே அவிநாசி ரோட்டிலும் ஓட்டினால் என்ன ஆகும் என்பது அவள் பயம்.

“ஏனுங்ப்பா, நீங்க முப்பத்தோரு வருசம் வண்டியோடவே கெடந்தவரு. ஒருக்கா மேல போயி அது என்னன்னு பாருங்க. இவன் கையில கார் சாவியக் குடுக்கலாமா வேண்டாமான்னு நீங்க என்ன சொல்றீங்களோ அதான்” என்றாள்.

இந்தப் பொறுப்பு சின்னது இல்லை. 18 ஆகாத பையன் காரை எடுத்துக்கொண்டு போய் ஏதாவது நடந்துவிட்டால், 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. அதனால் சாவி இப்போதைக்கு பீரோவில் பத்திரமாகத்தான் இருந்தது. 18 ஆன பிறகு சட்டம் விலகிக்கொள்ளும். அப்புறம் பெற்றவர்களின் மனசுதான் பாடு.

நான் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தவன். ஓட்டுநர் இல்லை, பழுது பார்க்கும் பிரிவு. பிரேக் பிரித்துக் கட்டிய பேருந்தை ரோட்டில் ஓட்டிப் பார்த்து ‘சரி’ என்று கையெழுத்துப் போடுகிற வேலை பல வருடம் என்னுடையது. கனரக வாகன லைசென்ஸ் வைத்திருந்தேன். ஆனால் ரேஸ் என்பதை நான் செட்டிபாளையம் பக்கம் போகும்போது காற்றில் வரும் சத்தமாக மட்டுமே அறிவேன். அங்கே இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-இல் வந்தது, 2.1 கிலோமீட்டர் நீளம். 1995-இல் விமான விபத்தில் காலமான கரிவர்தன் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். நம் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன்தான் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர் என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். இந்த ஊரில் ஒரு பையனுக்கு இந்த ஆசை வருவதில் ஆச்சரியம் இல்லை.

ஆக, ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு மாடியேறினேன்.

முதலில் என் கண்ணில் பட்டது நாற்காலி. அடியில் ஐந்து உருளைச் சக்கரம் உள்ள ஆபீஸ் நாற்காலி. ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு பழைய ஷூவுக்குள் இறக்கி வைத்திருந்தான். ஏன் என்று கேட்டால், பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது நாற்காலி பின்னால் ஓடிவிடுகிறதாம். பணிமனையில் கட்டை வைப்போமே, அதே யோசனைதான். பையன் மீது எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

மேசையில் ஸ்டீயரிங். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு 900 பாகை, அதாவது இரண்டரைச் சுற்று. அதற்குள் ஒரு மோட்டாரும் பல்சக்கரங்களும் இருக்கின்றன. திரையில் ஓடும் காரின் முன்சக்கரம் எவ்வளவு பிடியோடு இருக்கிறதோ, அதற்கேற்ப அந்த மோட்டார் நம் கையை எதிர்த்துத் தள்ளும். கீழே மூன்று பெடல். நடுவில் இருக்கும் பிரேக் பெடலுக்குள் கெட்டியான ரப்பர் கட்டை. பாதி தூரம் லேசாக இறங்கும், அப்புறம் கல் மாதிரி நின்றுவிடும்.

பேரன் சொன்ன முதல் பாடம் அதைப் பற்றித்தான். “அப்பச்சி, பெடல் எவ்வளவு தூரம் எறங்குதுன்னு பாக்காதீங்க. எவ்வளவு பலமா மிதிக்கறீங்கன்னு பாருங்க. தூரம் காலுக்கு ஞாபகம் இருக்காது, பலம் இருக்கும்.”

உண்மைதான். விலை கூடிய பெடல்களில் தூரத்தை அளக்காமல் மிதிக்கும் எடையை அளக்கிற கருவியையே வைக்கிறார்களாம். பேருந்தின் காற்று பிரேக் வேறு விதம். அங்கே கால் காற்றுக்கு வழி திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். பழைய ஓட்டுநர்கள் பெருவிரலைச் சாய்த்து வழித்துவிடுவது போல மிதிப்பார்கள். அந்தக் காலை வைத்துக்கொண்டு இங்கே மிதித்தால் கார் நிற்கவே யோசிக்கும்.

ஆபத்தில்லாத இடத்தில் உட்கார்ந்து ஆபத்தான வேலையைப் பழகுவது புதிய யோசனை இல்லை. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929-இலேயே விமானம் ஓட்டப் பழக ஒரு கருவி செய்தார். அவருடைய அப்பா பியானோவும் ஆர்கனும் செய்கிறவர். ஆர்கனில் காற்றடிக்கும் துருத்திகளை எடுத்து, ஒரு மரப்பெட்டி விமானத்தை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டுகிற மாதிரி அமைத்தார். பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள்தான் முதலில் வாங்கினார்கள். 1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் பைகளோடு மோசமான வானிலையில் பறந்து அடுத்தடுத்து இறந்தபோது, ராணுவம் அந்தப் பெட்டிகளை வாங்கியது. பொம்மை என்று கிடந்த ஒன்று பள்ளிக்கூடம் ஆன கதை இது. பேரனிடம் சொன்னேன். “அப்போ எங்கம்மாகிட்டயும் இதச் சொல்லுங்க அப்பச்சி” என்றான்.

அவன் ஓட்டுவது ஐரேசிங் என்கிற நிரல். 2008-லிருந்து இருக்கிறது. சந்தா கட்ட வேண்டும். இதில் வரும் ட்ராக்குகள் கற்பனை இல்லை. உண்மையான ஓடுதளங்களை லேசர் கருவியால் அளந்து, மேடு பள்ளம் உட்பட அப்படியே இறக்கியிருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு மாஸ்டாவின் எம்எக்ஸ்-5 என்கிற சின்ன கார். இரண்டு பேர் உட்காரும் வண்டி, பின்சக்கரத்தில் இழுவை. என்னை இறக்கிவிட்டது லைம் ராக் பார்க் என்னும் ட்ராக்கில். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்துக் கிராமப்புறத்தில் இருக்கிறது. சுமார் இரண்டரை கிலோமீட்டர், ஏழு வளைவு, அதில் ஒன்று மட்டும் இடப்பக்கம். பக்கத்தில் தேவாலயம் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை அங்கே பந்தயம் கூடாது என்று ஐம்பதுகளிலேயே கோர்ட் உத்தரவு வந்ததாம். நம் ஊர்க் கோயில் திருவிழாவின் குழாய் ஒலிபெருக்கியை நினைத்துக்கொண்டேன்.

என் வயதுக்காரர்கள் யாராவது முயற்சி செய்து பார்ப்பதாக இருந்தால் இரண்டு விஷயம். ஒன்று, மூக்குக்கண்ணாடி. கிட்டப் பார்வை, தூரப் பார்வை இரண்டும் சேர்ந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் திரை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். தலையைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலிக்கும். கம்ப்யூட்டருக்கென்று தனியாக எழுதி வாங்கிய பழைய கண்ணாடி இருந்தால் அதுதான் சரி. இரண்டு, தலையில் கவிழ்த்துக்கொள்ளும் பெட்டி மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள், விஆர் என்கிறார்கள். அதை மாட்டினால் காருக்குள்ளேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். எனக்கு மூன்று நிமிடத்தில் குமட்டிக்கொண்டு வந்தது. ஓடுகிறோம் என்கிறது கண், உட்கார்ந்திருக்கிறோம் என்கிறது காது. இரண்டுக்கும் நடக்கிற சண்டையில் வயிறு மாட்டிக்கொள்கிறது. சாதாரணத் திரையே போதும்.

முதல் நாள் ஒரு சுற்று முழுசாக ஓடவில்லை. இரண்டாவது கியரில் வளைவை விட்டு வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் வாலைச் சுழற்றிக்கொண்டு கார் வந்த திசையைப் பார்த்து நின்றது. சரி, அழுத்தாமல் வருவோம் என்று வளைவின் நடுவில் சட்டென்று காலை எடுத்தால், அதற்கும் வால் சுழன்றது. பேரன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தான். சிரிக்கவில்லை. அது அவனுடைய நல்ல குணம்.

காலை எடுத்தால் ஏன் சுழல வேண்டும்? நமக்கு அனுபவம் சொல்வது என்ன, பயம் வந்தால் காலை எடு, வேகம் குறையும், எல்லாம் சரியாகும் என்பதுதானே. அங்கேதான் விஷயம் இருக்கிறது. வண்டி வேகமாகப் போகும்போது காலை எடுத்தாலும் பிரேக்கை மிதித்தாலும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. முன்டயர் ரோட்டில் அழுந்துகிறது, பின்டயர் லேசாகிறது. நேர் ரோட்டில் அதனால் தொந்தரவு இல்லை. வளைவில் பின்டயர் ஏற்கனவே பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து அதன் மேலிருக்கும் பாரத்தைப் பிடுங்கினால் பிடி விட்டுப்போகும். டயருக்கு இருக்கும் பிடி ஒரு மாதச் சம்பளம் மாதிரி. பிரேக்குக்குக் கொஞ்சம், திருப்புவதற்குக் கொஞ்சம் என்று பிரித்துச் செலவு செய்யலாம். இரண்டுக்கும் முழுச் சம்பளத்தையும் செலவழிக்க முடியாது. அதனால்தான் நேராக இருக்கும்போதே பெரிய பிரேக்கைப் போட்டுவிட வேண்டும். வளைவுக்குள் திருப்பத் திருப்ப பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். ஸ்டீயரிங் நேராகிற அளவுக்கு மட்டுமே ஆக்ஸிலரேட்டரைக் கொடுக்க வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன் என்பதைவிட, வேறு மொழியில் கேட்டிருந்தேன் என்பதுதான் பொருத்தம். மலைப்பாதைக்குப் போகும் ஓட்டுநர்கள் எங்கள் பணிமனையில் இருந்தார்கள். வால்பாறை ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவு. மூத்த ஓட்டுநர் ஒருவர் புதியவர்களிடம் சொல்வார்: “பஸ்ஸுல கம்பியப் புடிச்சு நின்னுட்டு வர்ற கெழவி காலு நகரக் கூடாது. அதான் டிரைவிங்.” அந்தக் கிழவியின் கால்தான் அவருக்குப் பாரம் சாய்வதை அளக்கும் கருவி. திடீரென்று பிரேக் போட்டால் அவள் முன்னால் வருவாள், திடீரென்று விட்டால் பின்னால் போவாள், வளைவில் ஒடித்தால் பக்கத்து சீட்டில் விழுவாள். கிழவி நிற்கிறாள் என்றால் எல்லா டயரும் ரோட்டில் ஒழுங்காக அழுந்தியிருக்கின்றன என்று அர்த்தம். அவர் மெதுவாக ஓட்டினார், எம்எக்ஸ்-5 வேகமாக ஓடுகிறது. கணக்கு ஒன்றுதான்.

சிமுலேட்டரில் கிழவி இல்லை. அது மட்டுமா, நமக்கே உடம்பு இல்லாத மாதிரி இருக்கிறது. உண்மை வண்டியில் முதுகும் இடுப்பும் சொல்லிவிடும், பின்பக்கம் நழுவுகிறது என்று. இங்கே நாற்காலி அசையாது. மிச்சமிருப்பது கையும் காதும்தான். முன்டயர் பிடி விடப்போகும் முன் ஸ்டீயரிங் இலேசாகிவிடும். தண்ணீர் இல்லாத கிணற்றில் வாளியை இழுக்கிற மாதிரி, திருப்பினாலும் எதிர்ப்பு இருக்காது. அதை உணர எனக்கு இரண்டு வாரம் ஆனது. காதுக்கு டயர் சத்தம். பிடி இருக்கும்போது ஒரு முனகல், பிடி எல்லையில் நிற்கும்போது பாட்டு மாதிரி ஒரே சுருதி, தாண்டிவிட்டால் அலறல். கீழே படுத்திருக்கும் என் மகள் கேட்டுப் பயப்படுவது அலறலைத்தான். முனகலும் சுருதியும் அவள் காதுக்கு எட்டாது.

அடுத்தது கண். புதிதாக ஓட்டுகிறவன் பானெட்டுக்கு முன்னால் பத்தடியைத்தான் பார்ப்பான். பேரன் ஒரு வேலை செய்தான். தினசரிக் காலண்டர் அட்டையை எடுத்துத் திரையின் கீழ்ப் பாதியை மறைத்து ஒட்டிவிட்டான். பக்கத்தில் இருக்கும் ரோடு தெரியாது, தூரம் மட்டும் தெரியும். முதலில் தடுமாற்றமாக இருந்தது. பத்துச் சுற்றுக்குள் கார் தானாக ஒழுங்குக்கு வந்தது. கண் போகிற இடத்துக்குக் கை போகிறது. மலை ஓட்டுநர்கள் இந்த வளைவில் இருக்கும்போதே பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் மேலே எந்த வண்டி இறங்குகிறது என்று பார்த்துவிடுவார்கள். அது ஞாபகம் வந்தது.

இங்கே நான் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், சொல்வதற்கு இனிமையானது இல்லை. விபத்தில் சிக்கிய பேருந்து பணிமனைக்கு வரும். மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பரிசோதிப்பார், கூட நிற்பது என் வேலை. காற்றழுத்தம் பார்ப்போம், பிரேக் லைனிங் கனம் பார்ப்போம், ஸ்டீயரிங் ஆட்டம் பார்ப்போம். நான் நின்ற பரிசோதனைகளில் பெரும்பாலும் எல்லாம் சரியாகவே இருந்தது. வண்டியின் முன்பக்கத்தில் ஒட்டியிருந்ததைக் கழுவ ஆள் தயங்குவார்கள். ஓட்டுநர் ஓரமாக உட்கார்ந்திருப்பார், தண்ணீர் கொடுத்தால் குடிக்க மாட்டார். அவர் சொல்வது அநேகமாக ஒரே வாக்கியம்: “திடீர்னு வந்துட்டாங்க சார்.” அந்தத் ‘திடீர்’ என்கிற வார்த்தையை நான் அதிகம் கேட்டுவிட்டேன். அதனால்தான் மகள் கேட்ட கேள்வியைப் பேரன் மேல் இருக்கும் பாசத்தால் மட்டும் தீர்த்துவிட எனக்கு மனம் வரவில்லை.

சரி, அவன் எப்படி ஓட்டுகிறான்? அதற்கு ஒரு கணக்குப் புத்தகமே இருந்தது. ஐரேசிங்கில் லைசென்ஸ் உண்டு. ரூக்கி என்று தொடங்கி, டி, சி, பி, ஏ என்று மேலே போகும். வேகம் மட்டும் இருந்தால் மேலே போக முடியாது. ட்ராக்கை விட்டு வெளியே போனால் ஒரு புள்ளி. வண்டி கட்டுப்பாடு இழந்து சுற்றினால் இரண்டு. இன்னொரு காரோடு பலமாக மோதினால் நான்கு. புள்ளி சேரச் சேரப் பாதுகாப்பு மதிப்பெண் இறங்கும். மோதலில் யார் மீது குற்றம் என்று விசாரணை கிடையாது, இரண்டு பேருக்கும் நான்கு. எனக்கு இது அநியாயமாகப் பட்டது. பின்னால் வந்து முட்டியவனுக்கும் முட்டு வாங்கியவனுக்கும் ஒரே தண்டனையா?

“ஆமாங்க அப்பச்சி. மொதல்ல எனக்கும் கோவமாத்தான் வந்துச்சு. அப்புறந்தான் புரிஞ்சுது, நியாயம் என் பக்கம் இருந்தாலும் ரேஸ் போச்சு. பைத்தியக்காரத்தனமா ஒருத்தன் பக்கத்துல வந்தா இப்பல்லாம் எடம் விட்டுருவேன்.”

அவனுடைய பழைய பந்தயங்களின் பட்டியலைத் திறந்து காட்டச் சொன்னேன். பணிமனைப் பதிவேடு பார்ப்பது மாதிரி ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். ஆரம்ப மாதங்களில் ஒரு பந்தயத்துக்கு 9, 12, 14 என்று இருந்தது. நான்குகள் குவிந்திருந்தன. அப்புறம் மெல்ல இறங்கி, கடைசி இரண்டு மாதத்தில் 0, 1, 0, 2. அவன் இப்போது சி லைசென்ஸ். பட்டியல் பொய் சொல்லாது. யாரும் அதட்டாமல், மாடியறையில் தனியாக உட்கார்ந்து, ஒரு பையன் முட்டுவதை நிறுத்தியிருக்கிறான்.

வேகத்தின் கணக்கும் அவனுக்கு நன்றாக வந்திருந்தது. ஒருநாள் காகிதமும் பேனாவும் கொடுத்துக் கேட்டேன். உலர்ந்த நல்ல ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால் சுமார் 14 மீட்டரில் நிற்கலாம். 100-இல் போனால்? இருமடங்கு என்று சொல்லுவான் என எதிர்பார்த்தேன். “நாலு மடங்கு, 56” என்றான். கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகுமே, அதையும் சேர் என்றேன். 50-க்கு மொத்தம் 28 மீட்டர், 100-க்கு 84 மீட்டர் என்று எழுதினான். 84 மீட்டர் என்றால் ஏழு பேருந்தை வரிசையாக நிறுத்தலாம் என்று நான் சொன்னபோது அவனே ஒரு கணம் பேசாமல் இருந்தான். எண் தெரிந்திருந்தது, அது எவ்வளவு நீளம் என்பது அப்போதுதான் தெரிந்தது போல.

இதையெல்லாம் பார்த்து, உடனே சாவியைக் கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் இந்தப் பெட்டியில் இல்லாதவையும் உண்டு. மோதினால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், கார் புத்தம் புதிதாக ஷெட்டில் நிற்கும். லைனிங் கருகும் நாற்றம் கிடையாது. எல்லா வண்டியும் ஒரே திசையில் போகிறது, எதிரே யாரும் வருவதில்லை. ட்ராக்கில் நாய் இல்லை, ஆட்டோ இல்லை, மனிதர் இல்லை.

விளையாட்டிலிருந்து உண்மை ரேஸுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஜான் மார்டன்பரோ என்கிற பிரிட்டிஷ் இளைஞர் கிரான் டூரிஸ்மோ என்னும் கேம் வழியாக நடந்த போட்டியில் 2011-இல் ஜெயித்து, 2013-இல் பிரான்ஸின் 24 மணி நேர லெ மான் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்த அணியில் ஓட்டினார். 2023-இல் அவரைப் பற்றிப் படமே வந்தது. பேரனுடைய சுவரில் அந்தப் படத்தின் சுவரொட்டி இருக்கிறது. அதே மார்டன்பரோ 2015-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் ஓட்டியபோது, ஒரு மேட்டில் காரின் முன்பக்கம் காற்றில் தூக்கிக்கொண்டு வேலியைத் தாண்டி விழுந்தது. வேடிக்கை பார்க்க நின்றவர் ஒருவர் இறந்துபோனார். பேரனுக்கு இதுவும் தெரிந்திருந்தது. படத்தில் பார்த்ததாகச் சொன்னான். பிறகு, “அந்த மேடு நம்ம கேம்லயும் இருக்கு அப்பச்சி. ஆனா வேலிக்கு அந்தப் பக்கம் சும்மா பொம்மை ஆளுங்கதான் நிப்பாங்க” என்றான். அவனே அதைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு அவனை என் காரில் முன்சீட்டில் உட்கார வைத்தேன். நான் ஓட்ட வேண்டும், அவன் பார்ப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். சிங்காநல்லூரிலிருந்து பீளமேடு வழியாக அவிநாசி ரோட்டில். பையன் அசத்தினான். நான்கு வண்டிக்கு முன்னால் போகும் லாரியின் பிரேக் விளக்கு, இடப்பக்கம் விலகப் போகும் வெள்ளை கார், மணல் சிந்திக் கிடக்கும் வளைவு என்று எல்லாவற்றையும் நான் பார்ப்பதற்கு முன் சொன்னான். சிக்னல் மாறப்போவதை எதிர்ப்பக்கத்து வண்டிகள் வேகம் குறைப்பதை வைத்துச் சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “மீடியன்ல இடைவெளி இருந்த எடத்துல ஒரு அம்மா கொழந்தையோட நின்னாங்களே, பாத்தியா சாமி?” பார்க்கவில்லை. “பூக்கடைக்கு முன்னால சைக்கிள்ல ரெண்டு பசங்க?” இல்லை. “பஸ் நிக்கறதுக்கு முன்னாடியே ஒருத்தர் எறங்கினாரே?” இல்லை. அவன் கண் வண்டிகளை ஒன்றுவிடாமல் பிடித்திருந்தது. நடந்தவர்கள் யாரும் அதில் விழவில்லை. அவனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. திரை அவனுக்கு மனிதர்களைக் காட்டியதே இல்லை, காட்டாததை எப்படித் தேடுவான்?

மகளிடம் அன்று ராத்திரி சொன்னேன். “அந்த வெளையாட்ட நிறுத்தச் சொல்லாத. பிரேக்கும் பாரமும் தூரமும் அது நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கு. கட்டணம் கட்டிப் போற பள்ளியில ஒரு மாசத்துல இவ்வளவு வராது. ஆனா சாவி இப்ப வேண்டாம். ஒரு மாசம் நான் சொல்றத அவன் செய்யட்டும்.”

நான் சொன்னது டவுன் பஸ். கல்லூரிக்கு ஸ்கூட்டரில் நண்பனோடு போவதை நிறுத்திவிட்டு பஸ்ஸில் போக வேண்டும், முன்னால் ஓட்டுநரைப் பார்க்கிற மாதிரி இடம் பிடிக்க வேண்டும், ரோட்டைப் பார்க்காமல் ஓட்டுநரின் கண்ணையும் காலையும் பார்க்க வேண்டும். முதல் வாரம் கூட்டம், வியர்வை, தாமதம் என்று முணுமுணுத்தான். இரண்டாவது வாரம் போன் செய்தான்.

“அப்பச்சி, இன்னிக்கு வந்த டிரைவர் ஒரு ஸ்டாப்புல ரொம்ப முன்னாடியே ஆக்ஸிலரேட்டர்ல இருந்து கால எடுத்துட்டாரு. எதுக்குன்னு தெரியல. அப்புறம் பாத்தா, ஸ்டாப்புல நின்ன பாட்டி பைய எடுத்துத் தோள்ல மாட்டுனாங்க. அவங்க பைய எடுக்கறதுக்கு முன்னாலயே இவரு கால எடுத்துட்டாருங்க!”

“அந்தப் பாட்டி அதுக்கு முன்னாடி என்ன பண்ணுனாங்க?”

கொஞ்ச நேரம் யோசித்தான். “பஸ் நம்பரப் படிக்க ஒரு அடி ரோட்டுக்குள்ள வந்தாங்க.”

சித்திரையில் அவனுக்கு 18 முடிந்தது. பழகுநர் லைசென்ஸ் வாங்கியாயிற்று. அது ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழித்துத்தான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். காருக்கு முன்னும் பின்னும் சிவப்பு எல் ஒட்டியிருக்கிறோம். பக்கத்தில் நான். பின்சீட்டில் முதல் இரண்டு நாள் மகள் உட்கார்ந்து வந்தாள், முன்சீட்டின் முதுகை இறுக்கிப் பிடித்தபடி. மூன்றாம் நாளிலிருந்து வரவில்லை, துவைக்கத் துணி கிடக்கிறது என்றாள். பையனுக்கு கிளட்ச் மட்டும்தான் தொந்தரவு. கேமில் கியர் மாற்ற அதை மிதிக்கவே தேவை இல்லை, அதனால் முதல் கியரில் நாலு முறை வண்டி அணைந்துவிட்டது. மற்றபடி பிரேக் போட்டு நிறுத்தும்போது தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் ஆடுவதில்லை. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டச் சொல்லியிருக்கிறேன். “வலது பக்கம் ஸ்கூல் பையன், கையில பந்து... இடது பக்கம் கார்ல ஆள் இருக்காரு, கதவத் தொறக்கலாம்... முன்னாடி அக்கா போன்ல பேசிட்டே வர்றாங்க...” வண்டிகளைப் பற்றி இப்போது குறைவாகத்தான் சொல்கிறான். அது தானாகக் கண்ணில் படுகிறதுபோல.

தேர்வு அடுத்த மாதம்.

நானும் மாடியேறுவதை நிறுத்தவில்லை. சனிக்கிழமை மதியம் இருபது நிமிடம், அதற்கு மேல் முழங்கால் ஒத்துழைப்பதில்லை. லைம் ராக்கில் என் நேரம் பேரனைவிட ஒரு சுற்றுக்கு எட்டு விநாடி அதிகம். இன்னும் ரூக்கிதான், ஆனால் கடைசி மூன்று பந்தயத்திலும் என் கணக்கில் பூஜ்யம். எங்கோ ஓர் அமெரிக்கர், எங்கோ ஓர் ஆஸ்திரேலியர் என்று எல்லோரும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். அடுத்து லகுனா செகா போகலாம் அப்பச்சி என்கிறான். கலிஃபோர்னியாவில் இருக்கிறது. அங்கே கார்க்ஸ்க்ரூ என்று ஒரு இடம், மேட்டின் உச்சியில் திருப்பும்போது கீழே ரோடே தெரியாது, 137 மீட்டர் தூரத்துக்குள் 18 மீட்டர் இறக்கம். தூரத்தில் இருக்கும் ஒரு மரத்தைக் குறி வைத்துத் திருப்ப வேண்டுமாம். எந்த மரம் என்று இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன்.